கேமரா எண் நான்கு

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில்
மகாதானத் தெரு வணிகர் சங்கத்தின்
ஏழாவது தீர்மானம்:
பதினாறு கேமரா பொருத்தியாகிவிட்டதால்
கூர்க்காவுக்கு இனி மாதப் பணம் இல்லை.
பொருளாளர் என்று போட்டு
கீழே என் கையெழுத்து.

சொல்ல வேண்டியதும் நான்தான்.
மருந்துக்கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டு
"சரிங்க" என்றார்.
பத்தொன்பது வருஷம் மாயவரத்தில் பழுத்த சரிங்க.

பேர் படம் ரோகாயா.
எந்தப் படம், யார் ஹீரோ என்று
வந்த புதிதில் சிரித்திருக்கிறோம்.
அவர் பக்கத்தில் அது தாமரையாம்.
கூர்க்கா என்றால் மட்டும் முகம் சுண்டும்:
"அது வேற ஜில்லாங்க. நான் போனதேயில்ல.
எங்களுது பாஜுரா."
எந்த வெள்ளைக்காரனோ
ஒரு பட்டாளத்துக்கு வைத்த பெயர்
காக்கிச் சட்டையோடு சேர்ந்து
இவர் தோளில் வந்து விழுந்திருக்கிறது.

அவர் கைப்பேசியில் வருஷம் 2081.
ஐம்பத்தேழு வருஷம் முன்னால் போய் நிற்கிறீர்களே,
அங்கே எப்படி இருக்கிறது என்றேன்.
"பெரியவன் கத்தாருங்க, சின்னவன் மலேசியா.
வீட்ல அவ, நாலு ஆடு.
எதிர் மலையில ஒரு டவர்."

துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்குக் கூட்டம்.
கங்கையே இந்த மாதம் இங்கே குளிக்க வருகிறாள்
என்று சொன்னபோது
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார்.
"எங்க ஊர் புடிகங்கா கர்னாலில விழுது,
கர்னாலி கங்கையில விழுது.
அப்ப அதுவும் வந்திருக்கும்.
அதுக்கு ரிசர்வேஷன் கெடச்சிருக்கு."
மூன்று ராத்திரி
ரயில் கக்கூஸ் கதவோரம் குந்தி வந்தவர்.

தீபாவளி முடிந்த இரவு,
கேமரா ஓடுகிறதா என்று
திரையைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன்.
எண் நான்கு. 3.42.
மழை விட்ட தெரு.
எண்ணெய் காய்ச்ச இன்னும் யாரும் எழவில்லை.
படம் வருகிறார்.
காக்கி இல்லை, கைத்தடி இல்லை.
பூவேலைத் தொப்பி, பாலித்தீன் பை.

நோட்டரி ஆபீஸ் படியிலிருந்து வக்கீல்,
இட்லிக்கடைச் செவலை,
லாரியில் ஒரு காலை விட்ட பாக்கியம்,
மூன்றும் வாலாட்டிக்கொண்டு வருகின்றன.
குந்தி உட்கார்ந்து
ஒவ்வொன்றின் கழுத்திலும் மாலை போடுகிறார்.
நெற்றியில் எதையோ அப்புகிறார்.
ராத்திரிக் கேமராவில்
சாமந்தி வெள்ளை, குங்குமம் கறுப்பு.
ஆளுக்கொரு பன்.
பிறகு கைகூப்புகிறார்,
நாய்களுக்கு.

4.05. முதல் வெடி.
சத்தம் பதியாத கேமரா இது.
வெடித்தது நாய்களின் உடம்பில்தான் தெரிகிறது.
பாக்கியத்தை மடியில் இழுத்து
அதன் இரண்டு காதையும்
உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார்.
திரும்பத் திரும்ப.
4.31 வரைக்கும்.
நாங்கள் நரகாசுரனைக் கொன்று முடிக்கும் வரைக்கும்.

பஸ் ஸ்டாண்டு ஃப்ரைடு ரைஸ் வண்டியில்
டம்பர் என்று ஒரு பையன்,
அவர் பக்கத்து ஜில்லா.
கரண்டியை நிறுத்தாமலே சொன்னான்:
"அன்னைக்கு எங்களுக்கு நாய்த் திருநாள் சார்.
எமன் வாசல்ல காவல் அதுங்கதான?
படம் அண்ணன் நேத்தே கிளம்பிட்டாரு.
திருப்பூருன்னாரு."

கல்லாப் பக்கத்தில் அவருடைய நோட்டு கிடந்தது,
வசூல் நோட்டு.
டம்பரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.
கடைப்பெயர் ஒன்றுகூட இல்லை.
சில்லறை இல்லை என்பவர், ஐம்பது.
டீ கொடுப்பவர், ஐம்பது.
ஒரு வரியில் தயங்கி என்னைப் பார்த்தான்.
"தூக்கம் வராதவர், ஐம்பது. இது யாரு சார்?"

இப்போதும் இரண்டு மணிக்கு விழித்திருக்கிறேன்.
எண் நான்கில் வக்கீல் முன்னால்,
காய்ந்த நார் இன்னும் கழுத்தில்.
செவலை பின்னால்.
பாக்கியம் நொண்டி நொண்டி.
பாத்திரக்கடைப் பூட்டை முகர்ந்து,
நகைக்கடைப் பூட்டை முகர்ந்து,
என் ஷட்டருக்கு முன்
கொஞ்சம் நின்று
அடுத்ததுக்குப் போகின்றன.

நாளை ஒன்றாம் தேதி.
ஐம்பது ரூபாயை யாரிடம் கொடுப்பது?